தண்ணீரை அறிந்த அலை



நெருப்பு இல்லை, புகை இல்லை, கரி இல்லை. நேற்று மிஞ்சிய மீன் குழம்பை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். இரண்டு நிமிடத்தில் குழம்பில் ஆவி பறக்கிறது. பெட்டியின் சுவரைத் தொட்டுப் பார்த்தால் அது அவ்வளவாகச் சுடவில்லை. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெருநாளைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வாங்கி வரும் பொருள்களில் இந்த மைக்ரோவேவ் அடுப்பும் ஒன்றாகிவிட்டது. அடுப்போடு சேர்ந்து ஓர் அச்சமும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. "இதிலே சூடு காட்டின சோற்றைத் தின்றால் நோய் வருமாமே?" என்று பாட்டி கேட்கிறார். "கதிர் பாய்ந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?" என்று தாய் தயங்குகிறார். கேட்க வேண்டிய கேள்விகள்தாம் இவை. அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இவற்றுக்கு நாமே விடை சொல்லிவிடலாம்.

மைக்ரோவேவ் என்பதைத் தமிழில் நுண்ணலை என்கிறோம். சமையலறையோடு அதன் வேலை முடிந்துவிடவில்லை. கைத்தொலைபேசி, செயற்கைக்கோள், விமான நிலையம், மருத்துவமனை, ரப்பர் தொழிற்சாலை என்று பல இடங்களில் அது வேலை செய்கிறது. பால்மரம் வெட்டுகிறவரின் வாளியையும் அது எட்டிப் பார்த்திருக்கிறது. இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். நுண்ணலைக்குத் தண்ணீரைத் தெரியும். அதன் நன்மையும் தொல்லையும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன.

முதலில் நுண்ணலை எது என்று பார்ப்போம். குளத்தில் கல்லை எறிந்தால் அலை அலையாகப் பரவுகிறது. ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த அலையின் முகட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அலைநீளம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி, வானொலி அலை, எக்ஸ் கதிர் ஆகிய எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். மின்காந்த அலைகள் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். வெற்றிடத்தில் எல்லாமே விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. வேறுபாடு அலைநீளத்தில்தான். பழைய மத்திய அலை வானொலியின் அலைநீளம் சில நூறு மீட்டர். பண்பலை வானொலிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். 1 மீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை நீளம் உள்ளவையே நுண்ணலைகள். வானொலி அலையோடு ஒப்பிட்டால் அவை சின்னஞ்சிறியவை; அதனால் அந்தப் பெயர். ஒளியோடு ஒப்பிட்டாலோ அவை மிகப் பெரியவை.

இப்படிப்பட்ட அலைகள் இருக்க வேண்டும் என்று 1865-ஆம் ஆண்டில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான மேக்ஸ்வெல். 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இன்னும் குறுகிய, மில்லிமீட்டர் அளவிலான அலைகளை ஆராய்ந்தார். அலையைச் சுவர் வழியே செலுத்தி அப்பால் ஒரு மணியை ஒலிக்கச் செய்து அவர் மக்களை வியக்க வைத்தார்.

அலையை வலிமையாக உண்டாக்கும் கருவி அப்போது இல்லை. அது 1940-இல், போர்க்காலத்தில் வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டல், பூட் என்ற இருவர், 10 சென்டிமீட்டர் அலையைப் பலமாக வீசும் மாக்னெட்ரான் குழாய் ஒன்றைச் செய்தார்கள். விமானத்தையும் கப்பலையும் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் ரேடார் கருவிக்கு அதுவே உயிர்நாடி ஆயிற்று.

அந்தக் குழாய் சமையலறைக்கு வந்த கதையில் பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கரின் பெயர் நிலைத்துவிட்டது. அவர் 1894-இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். உறவினர் வீட்டில் வளர்ந்தார். பன்னிரண்டு வயதளவில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனார். பிறகு மின்சார வேலையைக் கற்றார், கடற்படையில் சேர்ந்தார், இரவில் காவல் நிற்கும்போது புத்தகங்களைப் படித்துத் தாமாகவே அறிவை வளர்த்துக்கொண்டார். ரேதியான் என்ற நிறுவனத்தில் மாக்னெட்ரான் குழாய்களைச் செய்யும் பிரிவில் அவர் முதல்வரிசை ஆள். 1945-இல் ஒருநாள் இயங்கும் குழாயின் அருகே நின்றபோது அவர் சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகிவிட்டது. வேறொருவராக இருந்தால் சட்டையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார். ஸ்பென்சர் மறுபடி சோளத்தை வைத்துப் பார்த்தார், அது பொரிந்தது. முட்டையை வைத்தார், அது வெடித்தது. முதலில் விற்பனைக்கு வந்த அடுப்பு ஓர் ஆள் உயரம். எடை 340 கிலோ. வீட்டு மேசைமேல் வைக்கக்கூடிய அடுப்பு அமெரிக்கக் கடைகளுக்கு 1967-இல்தான் வந்தது. அதன் விலை 495 டாலர்.

இனி அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று காண்போம். வீட்டு அடுப்பில் வீசும் அலை விநாடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். தண்ணீரின் ஒவ்வொரு துகளுக்கும், காந்தத்துக்கு இரண்டு முனை இருப்பதுபோல, ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் உண்டு. அலை இப்படியும் அப்படியும் மாறும்போது நீர்த் துகளும் அதனோடு திரும்பப் பார்க்கிறது. பிரட்டுக்களத்தில் நெருக்கமாக நிற்கும் நூறு பேரை 'வலம் திரும்பு, இடம் திரும்பு' என்று ஓயாமல் விரட்டினால் என்ன ஆகும்? ஒருவர்மேல் ஒருவர் இடிப்பார்கள், உரசுவார்கள். நீர்த் துகள்களும் அப்படியே இடித்து உரசுகின்றன. அந்த உரசலே சூடு. ஈரம் இல்லாத கண்ணாடித் தட்டும் பீங்கானும் அலையை அவ்வளவாக வாங்குவதில்லை. குழம்பு கொதிக்கும்போது பாத்திரம் சுடுவது பெரும்பாலும் குழம்பின் சூட்டால்தான்.

"மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே வேக வைக்கும்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது சரியன்று. அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நுழைந்து அங்கேயே தன் ஆற்றலைக் கொட்டிவிடுகிறது. அதற்கும் உள்ளே சூடு மெல்ல மெல்லப் பரவ வேண்டும். பனிக்கட்டியிலோ நீர்த் துகள்கள் கட்டிப் போட்டதுபோல் இருப்பதால் திரும்ப முடிவதில்லை. அதனால் சூடு பிடிப்பதும் மெதுவு. உறைந்த மீனை அப்படியே வைத்தால் ஓரம் வெந்து நடுவில் பனிக்கட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பெட்டிக்குள் அலைகள் சுவரில் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, சில இடங்களில் வலுக்கின்றன. சில இடங்களில் ஓய்கின்றன. அதனால்தான் தட்டு சுழல்கிறது. பிள்ளைகள் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். சுழலும் தட்டையும் அதன் அடி வளையத்தையும் எடுத்துவிடுங்கள். ஒரு பீங்கான் தட்டில் பொரிக்காத பெரிய அப்பளத்தை வைத்து, இருபது விநாடி ஓட்டுங்கள். அப்பளம் முழுதும் ஒரே சீராகப் பொரியாது. திட்டுத் திட்டாகப் பொரியும். அடுத்தடுத்த இரண்டு திட்டுகளின் நடுவுக்கு இடையே உள்ள தூரம் பல இடங்களில் 6 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அது அரை அலை. முழு அலை 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 12.2 என்பதை 245 கோடியால் பெருக்கினால் விநாடிக்கு 2989 கோடி சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் என்று வருகிறது. ஒளியின் வேகத்தை ஓர் அப்பளத்தை வைத்து அளந்துவிட்டோம்!

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். கதிர் என்றாலே எக்ஸ் கதிரும் அணுகுண்டும் நினைவுக்கு வருகின்றன. எக்ஸ் கதிர் அணுவிலிருந்தே மின்துகளைப் பிய்த்தெறியும் ஆற்றல் உடையது. அதனால் உயிரணுவின் மரபுப் பொருளைக் குலைக்க அதனால் முடியும். நுண்ணலைக்கு அந்த ஆற்றல் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு இருப்பதைவிடவும் மிகக் குறைந்த ஆற்றலே அதன் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் உண்டு. அது துகளை ஆட்டிச் சூடேற்றுகிறது, அவ்வளவுதான். விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்கியிருப்பதில்லை அல்லவா? அடுப்பு நின்றதும் அலையும் நின்றுவிடுகிறது. சோற்றில் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இப்படிச் சூடாக்கிய உணவு கதிரியக்கம் பெறுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் கதவு எதற்கு? நம் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே! வலுவான நுண்ணலை நேரே பட்டால் தசையையும் சுடும். கண்ணின் வில்லையை அது எளிதில் கெடுக்கும். அங்கே சூட்டை ஆற்றுவதற்கு இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே பெட்டி முழுதும் உலோகத்தால் ஆனது. கதவின் கண்ணாடியில் பொடிப்பொடித் துளைகளுள்ள தகடு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோழிக்கூண்டின் கம்பிவலையில் எறும்பு நுழையும். கோழி வெளியே வராது. அதுபோல அந்தத் துளையில் ஒளி நுழையும். 12 சென்டிமீட்டர் அலை வெளியே வராது. அடுப்புக்கு 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்குமேல் கசியக் கூடாது என்பது அனைத்துலக அளவு. கதவைத் திறந்த மறுகணம் அலை நிற்கும்படி பூட்டும் உண்டு. கதவு வளைந்து போனாலோ, சரியாகச் சாத்த முடியாமல் போனாலோ, அந்த அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. தாய்மார்கள் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குழந்தையின் பால். புட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஓரிடத்தில் பால் கொதித்துக் கிடக்கும். குழந்தையின் வாய் வெந்துவிடும். பாலைச் சுடுநீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றுவதே நல்லது.

இரண்டாவது, வெறும் தண்ணீர். வழவழப்பான கோப்பையில் வைத்த தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் அசையாமல் நிற்கக்கூடும். காப்பித் தூளைப் போட்டதும் அல்லது கோப்பையை அசைத்ததும் பொங்கி முகத்தில் அடிக்கும். அளவுக்குமேல் நேரம் வைக்காதீர்கள்; ஒரு மரக்கரண்டியைக் கோப்பைக்குள் போட்டு வையுங்கள்; அடுப்பு நின்றபின் சிறிது நேரம் விட்டு எடுங்கள்.

மூன்றாவது, பழைய சோறும் கறியும். சூடு திட்டுத் திட்டாக ஏறுவதால் சூடேறாத இடத்தில் கிருமி பிழைத்துக்கொள்ளும். நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு, எல்லாப் பக்கமும் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். ஓட்டோடு முட்டையை வைத்தால் வெடிக்கும். எவர்சில்வர் தட்டு, ஈயத்தாள், தங்க ஓரமிட்ட கோப்பை ஆகியவை தீப்பொறி கிளப்பும். நாசி லெமாக் பொட்டலத்தின் காகிதத்தில் குத்திய கம்பி ஊசியும் அப்படியே; அதை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

நான்காவது உயிர் சம்பந்தப்பட்டது. பழுதான அடுப்பின் மூடியை வீட்டில் கழற்றவே கூடாது. உள்ளே இரண்டாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் ஓடுகிறது. செருகியைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள மின்தேக்கியில் மின்சாரம் தங்கி நின்று ஆளைக் கொல்லும். வானொலிப் பெட்டியைத் திறந்து பழகிய கையும் இதைத் தொடக் கூடாது.

சமையலறையை விட்டு வானத்துக்குப் போவோம். வானொலி அலையைவிட அதிகமான செய்தியை நுண்ணலையில் ஏற்றி அனுப்ப முடியும். கைவிளக்கின் வெளிச்சத்தைப் போல ஒரே திசையில் குவித்தும் அனுப்ப முடியும். ஆனால், அது நேர்கோட்டில்தான் போகும். மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். அதனால்தான் குன்றுகளின் உச்சியில் கோபுரம் கட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அஞ்சல் ஓட்டம்போல் அனுப்புகிறார்கள். கடலைத் தாண்டச் செயற்கைக்கோள் உதவுகிறது. மலேசியாவின் முதல் செயற்கைக்கோள் தரை நிலையம் 1970-இல் குவாந்தானில் அமைந்தது. நாட்டின் முதல் செயற்கைக்கோளான மியாசாட் 1996 ஜனவரியில் விண்ணுக்குப் போயிற்று. அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று அனுப்பிய நுண்ணலையைத்தான் வீட்டுக்கூரையின் வட்டத்தட்டுகள் வாங்கின.

இங்கேயும் தண்ணீர் குறுக்கே வருகிறது. தொடர்கதை உச்சத்தில் இருக்கும்போது கனமழை வந்தால் செயற்கைக்கோள் தொலைக்காட்சியின் படம் மறைந்துவிடுகிறது. தட்டிலும் கம்பியிலும் குற்றமில்லை. அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே. வழியிலுள்ள கோடிக்கணக்கான மழைத்துளிகள் அதை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை விட்டதும் படம் தானே திரும்புகிறது. படத்துக்குப் பகையான இதே குணம் வானிலை அறிஞருக்கு நண்பன். வானிலை ரேடார் நுண்ணலையை வீசி, மழைத்துளியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு மழை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லிவிடுகிறது. விடியலில் மழை பெய்தால் பால்வெட்டு நின்று போகும் தோட்டங்களில் இந்தச் செய்தியின் மதிப்பு எல்லாருக்கும் தெரியும்.

வானத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. 1964-இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய நுண்ணலை வாங்கியில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கேட்டார்கள். புறாக்களின் எச்சம் காரணமோ என்று அதையும் கழுவிப் பார்த்தார்கள். இரைச்சல் நிற்கவில்லை. பேரண்டம் தோன்றிய காலத்து வெப்பத்தின் மிச்சமே அது என்று பின்னர் தெரிந்தது. 1978-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக நம் பால்மரத்துக்கு வருவோம். மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் எவ்வளவு? நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு என்பது பொதுவான அளவு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மரத்தின் இனம், வயது, பருவம், மழை ஆகியவற்றால் அந்த அளவு நாளுக்கு நாள் மாறும். காண்டா வாளியில் சுமந்து வந்த பாலுக்கு, அதிலுள்ள காய்ந்த ரப்பரின் எடையைக் கணக்கிட்டுத்தான் பணம். 40 கிலோ பாலில் ரப்பர் 35 விழுக்காடு என்றால் 14 கிலோ. 32 விழுக்காடு என்று எழுதிவிட்டால் 12 கிலோ 800 கிராம். மூன்றே விழுக்காட்டுப் பிழையில் ஒரே நாளில் ஒரு கிலோவுக்குமேல் போய்விடுகிறது. நிறுக்கும் இடத்தில் எத்தனை வாய்ச்சண்டை இதனால் நடந்திருக்கிறது!

மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அளப்பது பழைய முறை. அது அடர்த்தியைத்தான் பார்க்கிறது. பாலின் சூடு, நுரை, தூசி ஆகியவை அதை ஏமாற்றும். பாலை உறைய வைத்து உலர்த்தி நிறுப்பது சரியான முறை. ஆனால், அதற்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். 1980-களில் மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கைடா காலிட்டும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு நுண்ணலையைக் கொண்டு வழி தேடினார்கள். 1997 முதல் அப்பல்கலைக்கழகத்தின் பெயர் மலேசிய புத்ரா பல்கலைக்கழகம். நுண்ணலைக்குத் தண்ணீரைத் தெரியும். ரப்பர்த் துகளை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆகவே பாலில் பட்ட அலை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் தண்ணீரின் பங்கு உடனே தெரியும். அதைக் கழித்தால் மீதி தெரியும். அந்த மீதியில் சர்க்கரை, புரதம் போன்ற வேறு பொருள்களும் சிறிதளவு இருப்பதால் அதற்கும் கணக்கில் இடம் விட வேண்டும். செம்பனைப் பழத்துக்கும் அவர்கள் இம்முறையைப் பார்த்தார்கள். காய் பழுக்கப் பழுக்க அதன் சதையில் தண்ணீர் குறைந்து எண்ணெய் கூடுகிறது அல்லவா?

தோட்டம் தந்த ரப்பர் ஆலைக்குப் போன பிறகும் நுண்ணலை அதை விடுவதில்லை. ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. வெளியே சுட்டால் உள்ளே சூடு சேர நேரமாகும். கரித்தூள் சேர்த்த ரப்பர்க் கலவைக்குள் நுண்ணலை நேரே புகுந்து சூடேற்றுவதால், கார்க் கதவைச் சுற்றி வைக்கும் நீளமான ரப்பர்ப் பட்டைகளை அவ்வகையில் பதப்படுத்துகிறார்கள். மருத்துவமனையிலோ ஊசிபோன்ற மெல்லிய கருவியை ஈரலிலுள்ள கட்டிக்குள் செலுத்தி, நுண்ணலையால் கட்டியை மட்டும் சுட்டு அழிக்கும் சிகிச்சை நடக்கிறது.

நேயர்களே, பாட்டியின் அச்சத்தை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்துக் காட்டினால் போதும். சூடாக்கிய சோற்றுக்கு அஞ்ச வேண்டாம். குழந்தையின் பால் புட்டிக்கும், கழற்றிய மூடிக்கும் அஞ்சுங்கள். பாலை நிறுத்துக் கொடுக்கும் இடத்திலும் அப்படியே. மிதக்கும் குழாயாக இருந்தாலும் நுண்ணலைக் கருவியாக இருந்தாலும், அது எதை அளக்கிறது என்று கேளுங்கள்; காட்டிய எண்ணை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கருவி எண்ணைக் காட்டும். அந்த எண் நியாயமானதா என்று பார்க்க, கணக்குத் தெரிந்த ஓர் ஆள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.